பழி வாங்கினால்தான் விசுவாசமா?

'சூஷிங்குரா' பார்த்திருக்கிறீர்களா நண்பர்களே? ஹிரோஷி இனாகாகி இயக்கி 1962-ல் வந்த ஜப்பானிய சாமுராய் படம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். நிஜமாகவே நடந்த கதை.

1701-ல் அசானோ என்ற சிற்றரசர், ஷோகனின் கோட்டைக்குள்ளேயே கீரா என்ற அதிகாரியை வெட்டிவிடுகிறார். கீரா பிழைத்துக்கொள்கிறார். அசானோவுக்கு, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும் என்று தண்டனை. நிலமும் பறிமுதல். அவருடைய சாமுராய்களில் 47 பேர் ஓய்ஷி என்பவர் தலைமையில் காத்திருந்து, கீராவின் தலையை வெட்டி எஜமானின் சமாதியில் வைக்கிறார்கள். 1703-ல் அவர்களில் 46 பேருக்கும் அதே தண்டனை.

படம் முடியும்போது உடம்பு சிலிர்க்கும், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கீரா செத்தார், அசானோ திரும்பி வரவில்லை. செத்தவர்களில் ஓய்ஷியின் பதின்ம வயது மகனும் ஒருவன். இன்னும் சிலருடைய மகன்கள் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். எஜமானுக்குக் காட்டிய விசுவாசத்துக்கு விலை கொடுத்தது பிள்ளைகள்!

இதே நிலைமையில் நம் பக்கமும் ஒருவர் இருந்தார். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றில் ஒரு பாறை இருக்கிறது. பெயர் கபிலர் குன்று.

கபிலரின் உயிர் நண்பர் பறம்பு மலைத் தலைவர் பாரி. மூவேந்தரும் முற்றுகையிட்டதில் பாரி இறந்துபோனார். கபிலர் என்ன செய்தார்? பாரியின் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். விச்சிக்கோனிடம் கேட்டார், மறுத்துவிட்டார். இருங்கோவேளிடம் கேட்டார், அவரும் மறுத்துவிட்டார். கபிலருக்குக் கோபம் வராமல் இல்லை, இருங்கோவேளைக் கடிந்தே பாடியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பெண்களுக்கு ஒரு வழி செய்த பிறகுதான் தன் சாவைப் பற்றி யோசித்தார். வடக்கிருந்து உயிர் விட்டார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு.

'அவர் புலவர்தானே, வாளா எடுக்க முடியும்?' என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் புலவர் சொல் சாதாரணமானதில்லை. இதே திருக்கோவிலூர் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் போடக் கிள்ளிவளவன் துணிந்தபோது, கோவூர் கிழார் ஒரே பாட்டில் தடுத்துக் காப்பாற்றினார். சொல்லால் கொலையை நிறுத்த முடியும் என்றால், தூண்டவும் முடிந்திருக்கும். கபிலர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜப்பான் 47 பேரின் கதையைத் திரும்பத் திரும்பப் படமாக்குகிறது. இங்கேயோ, பாரி மகள்களுக்கு வழங்கிவரும் அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் நிறத்தைக் கேலி செய்யும் காமெடிக்குப் பயன்பட்டன. தலைவனுக்காக அரிவாள் தூக்குகிறவன்தான் விசுவாசி என்று நம் படங்களும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பார்க்கிற பையன்களும் அதை நம்பிவிடுகிறார்கள்.

செத்தவருக்காகக் கொல்வது ஒரு ராத்திரி வேலை. அவர் விட்டுப்போனவர்களைக் கரை சேர்ப்பதுதான் கஷ்டம். அதைச் செய்தவர் பெயரில் ஒரு குன்று பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை திருக்கோவிலூர் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.