உலர் வலய வீட்டுத்தோட்டத்துக்கு ஏற்ற தாவரங்கள்

வீட்டு முற்றத்துக்கு அழகு தருவது பசும்புல்தரையே என எண்ணுவோர் பலர். உலர் வலயத்தில் வாழ்வோருக்கு இது பொருந்துமா எனச் சிந்தித்தல் வேண்டும்.

உலர் வலயத்தின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றருக்கும் குறைவாகும். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி காலத்திலேயே கிடைக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற்பாறையில் தேங்கும் நிலத்தடி நீரே அங்குள்ள கிணறுகளுக்கு ஆதாரமாகும். அந்நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறு உவராகிவிடும். ஆகவே, கோடையில் அடிக்கடி நீர் இறைக்க வேண்டிய புல்லைவிட, வறட்சியைத் தாங்கும் வேம்பு, பூவரசு, கற்றாழை முதலியவற்றை நடுவதே அறிவுடைமையாகும்.

தீயையும் நாம் மறத்தலாகாது. காய்ந்த கிடுகு வேலியில் ஒரு பொறி விழுந்தாலும் அது வீட்டுக்குப் பரவக்கூடும். கிடுகு வேலி செலவு குறைந்தது, நல்ல மறைப்பும் தருவது என்பர். இது உண்மையே, ஆயினும் அதனைக் காலத்துக்குக் காலம் புதிதாக அடைக்க வேண்டும். பூவரசங் கதியால்களை மாரி தொடங்கும்போது நெருக்கமாக நட்டால் அவை வேரூன்றி உயிர்வேலியாகும். அவற்றின் குழை பயிருக்குப் பசளையுமாகும். இலையில் நீரைச் சேமித்து வைக்கும் கற்றாழை எளிதில் தீப்பற்றாது. எனினும், தீயே பற்றாத தாவரம் எதுவுமில்லை. எனவே, சுவரோரச் சருகுகளைக் கூட்டி அகற்றுதலும் கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டுதலும் அவசியமாகும்.

கிணற்று நீரையும் குடியிருக்கும் வீட்டையும் காக்கின்ற தோட்டமே அழகிய தோட்டம் என்பது எனது கருத்தாகும்.