மீட்டர் சிவந்தால் பறை குற்றவாளியா?

"இது வெறும் இரைச்சல். ரெக்கார்டிங்குக்கு ஒத்துவராது." ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் என் பெரியப்பா பறையில் நான்கு அடி அடித்ததும் ஒலிப்பதிவாளர் சொன்னது இது. திரையில் மீட்டர் சிவந்திருந்தது. அதையே சாட்சியாகக் காட்டினார். பெரியப்பா பேசாமல் பறையை உறைக்குள் வைத்தார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். பாடகரின் குரலுக்கு வைத்திருந்த கெயினை அவர் குறைக்கவே இல்லை. பறையின் அடி கண நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அளவை மீறிய ஒலியலையின் தலை வெட்டுப்படும். இதற்குப் பெயர் க்ளிப்பிங். வெட்டியது கெயின், பழி பறைக்கு.

பிறகு உறையூரில் எங்கள் வீட்டிலேயே பதிவுசெய்தோம். ஒரு டைனமிக் மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி. எதிரொலியைக் குறைக்கச் சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டோம். மைக்கை மூன்றடி தள்ளி, சற்றுச் சாய்த்து வைத்தோம். பெரியப்பாவை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை இறக்கினோம். 24 பிட்டில் பதிந்தால், குறைவாகப் பதிந்ததைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை அப்படியே மீட்க முடியாது. தோலைத் தீயில் காய்ச்சியவுடன் பதியவேண்டும் என்பது பெரியப்பா சொல்லித்தந்த பாடம்.

"அவருக்குத் தெரியவில்லை, இதில் சாதி எங்கே வந்தது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மிருதங்கமும் மாடு, ஆடு, எருமைத் தோலில் செய்வதுதான். அதைச் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். மிருதங்கம் வந்தால் மைக்கை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள், பறை வந்தால் எதற்கு வைப்பது என்கிறார்கள். அங்கேதான் சாதி இருக்கிறது.

சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் போராடியவர்கள் நம் மக்கள். அந்தக் கட்டாயம் ஒழியவேண்டும். ஆனால் பெரியவர்களின் கையில் இருக்கும் அடிகள் அவர்களோடு போய்விடக்கூடாது.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கிய காலத்தில், ஒலியைப் பதிய ஒரு நிறுவனமே தேவைப்பட்டது. இன்று ஒரு அறை போதும். தோழர்களே, கெயினைக் கற்றுக்கொள்ளுங்கள். எது இசை, எது இரைச்சல் என்பதை அந்தக் குமிழைத் திருகுபவர்தான் இதுவரை முடிவுசெய்திருக்கிறார்.