பட்டியல் போட்டால் நாடகம் ஆகிவிடுமா?

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வைச் செம்பரம்பாக்கத்தில் பிரம்மாண்டமாக மேடையேற்ற வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல ஆசை. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கு யாருக்கு எந்த வேஷம் என்கிற பட்டியல்தான். மனோகரனுக்கு இன்றைய வசூல் நாயகன். வசந்தசேனைக்கு முன்னணி நாயகி ஒருவர். பத்மாவதிக்கு ‘ரீ-என்ட்ரி’ கொடுக்கக் காத்திருக்கும் முன்னாள் நாயகி. பைத்தியக்கார வசந்தனுக்கு ஒரு காமெடி நட்சத்திரம். பெயர்களை இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. அந்த நடிகர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்களைக் கேட்காமலேயே கால்ஷீட் வாங்கிவிட்ட பட்டியல்காரரோடுதான் வழக்கு.

அவர் சொல்வது மூன்று. சிவாஜி நடித்ததால்தான் ‘மனோகரா’ பிழைத்தது, ஆகவே நட்சத்திரம் இல்லாமல் பழைய நாடகம் பிழைக்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள் தெரிந்த முகம் இல்லாமல் நாடகத்துக்கு வரமாட்டார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் இப்படித்தான் நடக்கிறது. மூன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன. மூன்றும் தப்பு.

முதலில் சிவாஜி. ‘மனோகரா’ எழுதப்பட்டது 1895இல். எல்.வி.பிரசாத் இயக்கிய படம் வந்தது 1954இல். இடையில் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளும் நாடகம் பரணில் கிடந்ததா? சுகுண விலாச சபாவில் ஆரம்பித்து, பாலர் நாடகக் கம்பெனிகள் வரை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் செல்வாக்கோடு இருந்ததால்தான் அதைப் படமாக்கப் பணம் போட்டார்கள். பிழைத்திருந்த நாடகத்தைத் தேடிச் சினிமா வந்தது. பட்டியல்காரர் அதைத் தலைகீழாகப் புரட்டி, சினிமா வந்து நாடகத்துக்கு உயிர் கொடுத்ததாக எழுதுகிறார்.

சிவாஜி மட்டும் எங்கிருந்து வந்தார்? யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, சீதை வேஷம் கட்டி, பாட்டும் ஆட்டமும் அடியுமாக வளர்ந்தவர். அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் சத்ரபதியாக நடித்ததைப் பார்த்துத்தான் பெரியார் அவரைச் ‘சிவாஜி’ என்றார். வி.சி.கணேசனுக்குப் பெயரே ஒரு வேஷம் கொடுத்த பெயர். 1952இல் ‘பராசக்தி’ எடுத்தபோது இந்தப் பட்டியல்காரரைப் போன்றவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். ஒல்லியாக இருக்கிறான், புதுப் பையன், பெயர் தெரிந்த கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் பிடிவாதமாக நின்றதால் கணேசன் தப்பினார். அன்றைக்குப் பட்டியல் ஜெயித்திருந்தால் இன்றைக்கு இவர் மேற்கோள் காட்டச் சிவாஜியே இருந்திருக்க மாட்டார்.

உடனே ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்பார்கள். சொல்லட்டும். 1957இல், புகழின் உச்சியில் இருக்கும்போதுதான், சிவாஜி அதை மேடையில் போட்டார். சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதியது. ஆனால் எப்படிப் போட்டார்? சொந்தமாக நாடக மன்றம் வைத்து, குழுவோடு ஒத்திகை பார்த்து, சேலத்தில் ஆரம்பித்து ஊர் ஊராக நூறு தடவைக்கு மேல் போட்டார். வசூலைப் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்தார். படம் அதற்குப் பிறகு, 1959இல்தான். இதைப் போலச் செய்ய ஒரு நட்சத்திரம் முன்வந்தால் அவர் வீட்டு வாசலில் முதல் மாலையோடு நான் நிற்கிறேன். பட்டியல்காரர் கேட்பதோ ஒரு வாரக் கடைசியில் இரண்டு காட்சி. அதற்குப் பெயர் நட்சத்திரக் கலைவிழா.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்கிற கொள்கைக்குத் தமிழ்நாட்டில் பரீட்சை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரம்’ கதாகாலட்சேபத்திலும் மேடையிலும் ஊறிய கதை. 1935இல் அதைப் படமாக்கியபோது நந்தனாராக நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வேதியராக மகாராஜபுரம் விசுவநாதையர். அன்றைய தமிழகத்தில் இதைவிடப் பெரிய இரண்டு பெயர்களைப் பட்டியலில் போட முடியாது. படம் படுத்துவிட்டது. அதில் நன்றாக நடித்தது பனைமரமும் எருமையும்தான் என்கிற பாணியில் கல்கி கிழித்துத் தொங்கவிட்டார். ஏழு வருஷம் கழித்து ஜெமினி அதே கதையை எம்.எம்.தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தது, ஊர் கொண்டாடியது.

இன்னும் கேளுங்கள். அதே சுந்தராம்பாள் 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ ஆனார். தமிழர்கள் ஔவை என்றால் இன்றைக்கும் அந்த முகத்தையும் அந்தக் குரலையும்தான் நினைக்கிறார்கள். அதே ஆள், அதே புகழ். ஒரு படத்தில் தோல்வி, இன்னொரு படத்தில் வரலாறு. புகழ்தான் காரணம் என்றால் இரண்டும் ஓடியிருக்க வேண்டும் அல்லது இரண்டும் படுத்திருக்க வேண்டும். ஆகவே காரணம் வேறு. அதற்குப் பொருத்தம் என்று பெயர். பட்டியல்காரரின் கட்டுரையில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

அந்த ஔவையைச் சுந்தராம்பாளுக்கு முன்பே மேடையில் உயிரோடு நிறுத்தியவர் டி.கே.சண்முகம். நல்ல வாலிபத்தில் இருந்த ஆண்பிள்ளை, கூன் விழுந்த கிழவியாக நடித்தார். அதற்காகத்தான் ‘ஔவை’ என்பது அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. சென்னையில் ஔவை சண்முகம் சாலை என்று ஒரு தெருவே இருக்கிறது. டி.கே.எஸ். குழுவில் சிறுவனாக நாடகம் பழகிய கமல்ஹாசன், தான் பெண் வேஷம் போட்ட படத்துக்கு 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தார். என் வாதம் முழுக்க இதற்குள் அடங்கும்: வேஷத்தால் வந்த புகழ் வேஷத்தை வளர்க்கும். வெளியிலிருந்து தூக்கிவந்து மாட்டிய புகழ் வேஷத்தைத் தின்னும்.

எப்படித் தின்னும் என்பதை ‘மனோகரா’வையே வைத்துக் காட்டுகிறேன். நாடகத்தின் உச்சம் சபா மண்டபக் காட்சி. மனோகரனைச் சங்கிலியால் கட்டி இழுத்து வருகிறார்கள். எதிரே தகப்பன் புருஷோத்தமன், பக்கத்தில் அவரை ஆட்டிவைக்கும் வசந்தசேனை. சங்கிலியை அறுக்க மனோகரனுக்குப் பலம் இருக்கிறது. தாய் பத்மாவதிக்குக் கொடுத்த வாக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பத்மாவதி வாய் திறக்கும்வரை அவன் அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பார்க்கிறவனுக்கு, இவன் அறுக்காமலே போய்விடுவானோ என்ற பயம் வர வேண்டும். காட்சியின் உயிர் அந்தப் பயத்தில் இருக்கிறது.

இப்போது அந்தச் சங்கிலிக்குள் பட்டியல்காரரின் வசூல் நாயகனை நிறுத்துங்கள். உள்ளே வரும்போதே விசில். விசில் அடங்கும்வரை புருஷோத்தமன் வசனத்தை நிறுத்திவிட்டு மோட்டுவளையைப் பார்க்க வேண்டும். செல்போன்கள் எல்லாம் மேலே எழும்பும். படத்துக்குப் படம் நாற்பது பேரைத் தூக்கி எறிகிற ஆளை நாலு முழச் சங்கிலி என்ன செய்யும்? எப்போது அறுப்பான் என்பதுதான் கேள்வி. அறுப்பானா என்ற கேள்வியே கிடையாது. பத்மாவதியின் மௌனம் ‘பில்டப்’ ஆகிவிடும். தாய்க்கும் மகனுக்கும் நடுவே நடக்கிற நாடகம் ஓர் இன்ட்ரோ சீனுக்குக் காத்திருக்கும் கூட்டமாக முடியும். நடிகர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் கையில் இல்லை இது.

இரண்டாவது வாதம்தான் எனக்கு எரிச்சல் மூட்டியது. ஷிப்ட் பார்ப்பவன் தெரிந்த முகம் இல்லாமல் வரமாட்டானாம். இவர் இந்தப் பக்கம் வந்ததுண்டா, அல்லது பெங்களூர் போகிற வழியில் கார்க் கண்ணாடி வழியாக ஏரிக்கரையைப் பார்த்ததோடு சரியா? பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதம், இரவில் கூத்து. கம்பெனி பஸ்ஸில் இறங்கிய பையன், யூனிஃபார்ம் சட்டையோடு, ஐடி கார்டு கழுத்தில் தொங்க, விடிய விடிய உட்கார்ந்து கர்ண மோட்சம் பார்க்கிறான். கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் செய்கிற இடத்தில் தூங்கிப்போனவனைப் பக்கத்தில் இருப்பவன் தட்டி எழுப்புகிறான். அங்கே சினிமா முகம் ஏது?

அங்கேயும் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ‘இன்னைக்கு யாரு கர்ணன் கட்டறது?’ என்று கேட்டுவிட்டுத்தான் பாயை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். புரிசை கண்ணப்ப தம்பிரானின் பெயர் ஊர் எல்லை தாண்டிப் போனதும் அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அர்த்தம், கர்ணனை நன்றாகக் கட்டுகிறவன் வருகிறானா என்பது. டிவியில் பார்த்த முகம் வருகிறதா என்பதல்ல. இந்த ரசனையுள்ள சனங்களைப் பார்த்து, ‘உங்களுக்கு நட்சத்திரம் இல்லாவிட்டால் புரியாது’ என்று சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாவது, வெளிநாடு. 2025இல் பிராட்வேயில் டென்சல் வாஷிங்டன் ஒதெல்லோவாக நடித்தார், டிக்கெட் 921 டாலர் வரை விற்றது என்று எழுதுகிறார். உண்மைதான். வாஷிங்டன் கல்லூரி மாணவராக இருந்தபோதே ஒதெல்லோ நடித்தவர் என்பதை மட்டும் விட்டுவிட்டார். கிட்டத்தட்ட எண்பதாயிரம் ரூபாய் டிக்கெட்டை நம் ஊர் ஷிப்ட் தொழிலாளியின் பேரால் உதாரணம் காட்டுகிறோமே என்ற கூச்சமும் அவருக்கு வரவில்லை.

நான் ஒன்று சொல்கிறேன். 2008இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ‘ஹாம்லெட்’. நாயகன் டேவிட் டென்னன்ட், ‘டாக்டர் ஹூ’ தொடரால் பிரிட்டன் முழுக்கத் தெரிந்த முகம். அவரும் அந்தத் தொடருக்கு வெகு முன்பே, 1996இல், அதே கம்பெனி மேடையில் ஏறியவர்தான். லண்டன் காட்சிகள் ஆரம்பித்த சமயத்தில் அவருக்கு முதுகுவலி, அறுவைச் சிகிச்சை. நாடகம் நின்றதா? அதே நாடகத்தில் லேயர்ட்டீஸாக நடித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பென்னட் ஹாம்லெட் ஆனார். அங்கே நட்சத்திரம் ஒரு கம்பெனிக்குள் இருக்கிறது. மாற்று நடிகர் ஒத்திகையில் எல்லாம் பழகித் தயாராக இருக்கிறார். நம் பட்டியலில் வசூல் நாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்து என்ன? டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி? லண்டனிலிருந்து போஸ்டரை மட்டும் இறக்குமதி செய்கிறவர், அந்தப் போஸ்டருக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்.

இடத்தேர்வும் இதே லட்சணம்தான். செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில் பிக் பாஸ் வீட்டுக்கே இடம் இருக்கிறது, ஆகவே மனோகரன் அரண்மனைக்கும் இடம் இருக்குமாம். இடம் இருக்கும், சந்தேகமில்லை. படப்பிடிப்புத் தளம் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதற்குக் கட்டியது. வசனம் தடுக்கினால் இன்னொரு டேக், குரல் கம்மினால் டப்பிங். நாடகத்துக்கு வேண்டியது கடைசி வரிசைக்குக் குரல் போகிற மேடையும், மூன்று மணி நேரம் மூச்சு வாங்காத ஆளும், தினமும் சாயங்காலம் ஒத்திகைக்கு ஒரு கூடமும். அரண்மனை செட்டுக்கு ஆகும் செலவில் ஒரு வருஷ ஒத்திகைக்கு டீ, வடை, பஸ் காசு கொடுத்துவிடலாம்.

கடைசியாக, பட்டியல்காரர் பூஜிக்கும் சம்பந்த முதலியார் யார்? 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பின்னாளில் வக்கீல், ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. கூத்தாடிகள் என்று நாடகக்காரரை ஊரே இளப்பமாகப் பார்த்த காலத்தில், மாணவர், வக்கீல், உத்தியோகஸ்தர் என்று பகலில் வேலை பார்த்தவர்கள்தான் அங்கே மாலையில் வேஷம் கட்டினார்கள். தீரர் சத்தியமூர்த்தி அந்த மேடையில் நடித்தவர். மனோகரனாக முதலியாரே நடித்தார். புகழ்பெற்ற நடிகர் ஒருவரையும் நம்பிப் பிறக்காத நாடகம் இது! அமெச்சூர்களுக்காக, அமெச்சூர் ஒருவர் எழுதியது. அந்தச் சபாவின் நேர் வாரிசுகள் கேரவனில் இல்லை. ஒரகடத்தில் ஜெனரல் ஷிப்ட் முடித்து பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

எனவே என் எதிர் யோசனை சிக்கனமானது. அந்தப் பட்டியலையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஒத்திகைக்கு எத்தனை நாள்?’ என்று ஒரு கட்டம் மட்டும் போடட்டும். அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் நட்சத்திரமாக இருந்தாலும் சரி, லேத் ஆபரேட்டராக இருந்தாலும் சரி, சங்கிலியை அவர் கையில் மாட்டலாம். காலியாக விடுகிறவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவோம், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.