ஸ்க்ரூ டிரைவரை எடுங்க மக்களே!

சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ ஆனா போதும், "அப்பா, புதுசு வேணும்"னு வீட்டுக்கு போன் போடுறோம். கேஷ் மெமரி பத்தி 13 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமா எழுதுற நாம, ஒரு கேபினெட்டோட பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பார்த்திருக்கோமா?

நானும் பார்த்ததில்லை. ஃபர்ஸ்ட் இயர் லீவுல, எங்க வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போடுறதா முடிவாச்சு. போடுறதுக்கு முன்னாடி திறந்து பார்த்தேன். ப்ராசஸர் நல்லாத்தான் இருந்துச்சு. தாமதம் ஹார்ட் டிஸ்க்ல. சுழலுற தட்டு மேல ஒரு முனை நகர்ந்து நகர்ந்து டேட்டாவைத் தேடணும். ஒவ்வொரு தடவையும் சுமார் 10 மில்லிசெகண்ட். எஸ்.எஸ்.டி.யில நகர எதுவுமே கிடையாது. அதை மாட்டி, கூடவே இன்னொரு ராம் ஸ்டிக்கும் போட்டேன். டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பூட் ஆகிட்டு இருந்த மெஷின், இப்போ நாற்காலியை இழுத்துப் போடுறதுக்குள்ள ரெடி.

உடனே தலைக்கனம் வந்துடுச்சு. நண்பனைக் கூட்டிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். காசையெல்லாம் கிராபிக்ஸ் கார்டுல கொட்டிட்டு, பவர் சப்ளைக்குப் பேர் தெரியாத மலிவுச் சரக்கு வாங்க வெச்சேன். மூணாவது மாசம் கருகின வாசனை. மதர்போர்டும் சேர்ந்து போச்சு. அவன் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. என்னை ஒரு வார்த்தை திட்டலை; அதுதான் இன்னும் உறுத்துது. எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் அது வழியாத்தான் போகுது. அதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

புதுசா அசெம்பிள் பண்ணினா சாக்கெட்டைப் பாருங்க. ஏ.எம்.டி.யோட ஏ.எம்.4 சாக்கெட்ல 2017ல முதல் ரைசன் வந்துச்சு. 2022ல வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்தான். பயாஸ் அப்டேட் கிடைக்கிற போர்டா இருந்தா, ப்ராசஸரை மட்டும் மாத்திக்கலாம்.

"ஹாஸ்டல்ல டெஸ்க்டாப்பை எங்க வைக்கிறது?"னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா பல லேப்டாப்லயும் ராம், எஸ்.எஸ்.டி. மாத்தலாம். சிலதுல ராமைப் போர்டோட சால்டர் பண்ணிடுறாங்க. வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

திறந்து பார்த்துட்டு, புதுசுதான் வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. அப்போ அப்பாகிட்ட காரணமாவது சொல்லத் தெரியும். அதனால இந்த லீவுல பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டு உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டு, மூடியைக் கழட்டுங்க. முதல்ல தூசி தட்டுங்க. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.