12 விநாடி கடன்!

12 விநாடியில் உங்களால என்ன செய்ய முடியும்? ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டலாம். கேன்டீன் டோக்கனுக்குப் பாக்கெட்டில் சில்லறை தேடலாம். எங்க பெரியப்பா பையன் அந்த 12 விநாடியில் ஓர் அரசாங்க வேலையைத் தவறவிட்டார்.

காவலர் தேர்வு. எழுத்துத் தேர்வில் அண்ணன் பாஸ். அடுத்தது மைதானம். ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். அதுக்குள்ள வரலைன்னா கயிறு ஏறுறதுக்கெல்லாம் கூப்பிட மாட்டாங்க. நேரா வீட்டுக்குத்தான்.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊர் கபடி டீமில் ரெய்டர். கோட்டைத் தொட்டுட்டு அவர் திரும்புற வேகத்துக்குத் திருவிழாவில் விசில் பறக்கும். "ஏழு நிமிஷமா? பேசிட்டே ஓடலாம்டா தம்பி"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ளே போனார். பெரியப்பா கொடுத்தனுப்பின குளுக்கோஸ் பொடியை விசிலுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வாயில் கொட்டிக்கிட்டார். நான் கம்பி வேலிக்கு வெளியே, செல்போன் ஸ்டாப்வாட்ச்சோட.

முதல் ரவுண்டு 1 நிமிஷம் 15 விநாடி. அண்ணன்தான் முதல். வேலிக்கு இந்தப் பக்கம் பெரியப்பா மீசையைத் தடவிக்கிட்டார். ரெண்டாவது ரவுண்டு 1:50. மூணாவது 2:15. அப்போ அவர் ஓடலை, தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வெச்சார். மிச்சம் இருந்த 300 மீட்டருக்கு 1:52. மொத்தம் 7:12.

வேன்ல திரும்பி வரும்போது யாரும் பேசலை. அண்ணன் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டார், "என் காலு எங்கடா போச்சு?"

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். பயாலஜியைப் பத்தாவதோட தலை முழுகினவன். ஆனா, அந்தக் கேள்வி என்னை விடலை. ஹாஸ்டலுக்கு வந்து உடலியல் புஸ்தகத்தைத் தேடிப் பிடிச்சு உட்கார்ந்தேன். அட... உள்ளே இருந்தது நம்ம ஹாஸ்டல் கரன்ட் கதைதான்!

தசைக்குத் தெரிஞ்ச ஒரே கரன்ஸி ஏ.டி.பி. நீங்க தின்ன பரோட்டாவா இருந்தாலும், அண்ணன் தின்ன குளுக்கோஸா இருந்தாலும், ஏ.டி.பி.யா மாறினாத்தான் தசை சுருங்கும். வேடிக்கை என்னன்னா, தசைக்குள்ள கைவசம் இருக்கிற ஏ.டி.பி. ரெண்டு மூணு விநாடி முழு வேகத்துக்குத்தான் காணும். அதனால செலவழிக்கச் செலவழிக்க அச்சடிச்சுக்கிட்டே இருக்கணும். அச்சடிக்க உடம்பு மூணு வழி வெச்சிருக்கு.

கரன்ட் போனதும் லேப்பில் முதல்ல காப்பாத்துறது யு.பி.எஸ். தசைக்குள்ள இருக்கிற யு.பி.எஸ். பேரு கிரியாட்டின் பாஸ்பேட். ஸ்விட்ச் போட்ட கணமே பவர். மூச்சும் வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம். ஆனா, சுமார் 10 விநாடியில் பேட்டரி இறங்கிடும். 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 விநாடியில் 100 மீட்டர் ஓடினாரே... அது பெரும்பாலும் இந்த பேட்டரி, கொஞ்சம் அடுத்த வழி.

அந்த அடுத்த வழிதான் ஜெனரேட்டர். தசையில் சேத்து வெச்சிருக்கிற சர்க்கரையான கிளைகோஜனை ஆக்ஸிஜன் இல்லாமலே உடைக்கிறது. சில விநாடியில் முழு வேகம் பிடிச்சிடும், பவரும் தாராளம். ஆனா, டீசல் குடிக்கிறதில் அரக்கன். ஒரு குளுக்கோஸை இப்படி உடைச்சா லாபம் ரெண்டே ரெண்டு ஏ.டி.பி. முழுசா முறுக்கினா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்காது. கால் எரிய ஆரம்பிக்கும்.

மூணாவதுதான் மெயின் லைன். ஆக்ஸிஜன் வழி. ஏரோபிக்னு ஜிம் போர்டில் எழுதி வெச்சிருக்காங்களே, அது. அதே ஒரு குளுக்கோஸுக்கு இங்கே 30, 32 ஏ.டி.பி.! (பழைய பாடப்புத்தகங்கள்ல 36, 38-னு இருக்கும். மார்க்குக்கு அதையே எழுதுங்க பாஸ், வம்பு வேண்டாம்.) கொழுப்பையும் எரிக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுக்குத்தான். என்ன ஒண்ணு, லைன் வர லேட் ஆகும். நுரையீரல் இழுக்கணும், இதயம் தள்ளணும், ரத்தம் தூக்கிட்டுப் போகணும். ஓட ஆரம்பிச்சு முழு சப்ளை கிடைக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகிடும்.

இந்த மெயின் லைனோட கடைசி மெஷினைப் பத்தி மெக்கானிக்கல்காரனா ஒரு வார்த்தை சொல்லாம விட முடியாது. செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா. அதோட சவ்வுல நிஜமாவே சுத்துற ஒரு டர்பைன் இருக்கு. அணையில் தண்ணி பாயுற மாதிரி ஹைட்ரஜன் அயனிகள் பாய, தண்டு சுத்துது. விநாடிக்கு நூறு சுத்துக்கு மேலகூடப் போகும். ஒரு சுத்துக்கு மூணு ஏ.டி.பி. வெளியே விழும். இது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்ச பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997-ல் வேதியியல் நோபல்ல பங்கு கிடைச்சது. தெர்மல் லேப்ல நாங்க துடைச்சு வெக்கிற டர்பைனைப் பார்த்தா இப்பல்லாம் கொஞ்சம் பாவமா இருக்கு. அதைவிட ஒரு விஷயம்... இந்த மைட்டோகாண்ட்ரியா நமக்கு அம்மா வழியா மட்டுமே வருது. பெரியப்பா மீசையைத் தடவினதில் அர்த்தமே இல்லை!

ஹாஸ்டலுக்கும் உடம்புக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே யு.பி.எஸ். முடிஞ்சா ஜெனரேட்டர், அது நின்னா மெயின் லைன்னு வரிசை. உடம்பில் மூணும் முதல் விநாடியிலேயே சேர்ந்து ஓடும். எது எவ்வளவு பங்கு கொடுக்குதுங்கிறதை முடிவு பண்றது உங்க வேகம். ஒன்றேகால் நிமிஷத்தில் முடிகிற மாதிரி உயிரைக் கொடுத்து ஓடினா, ஆக்ஸிஜன் இல்லாத வழியும் ஆக்ஸிஜன் வழியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதுவே ஏழு நிமிஷ ஓட்டம்னா, பத்தில் எட்டுப் பங்குக்கு மேல ஆக்ஸிஜன்தான்.

இப்ப அண்ணனோட ஸ்டாப்வாட்ச்சுக்கு வாங்க. 1500 மீட்டர்னா மூணேமுக்கால் ரவுண்டு. 7 நிமிஷம்னா 420 விநாடி. வகுத்துப் பாருங்க... ஒரு ரவுண்டுக்கு 112 விநாடி. நூறு மீட்டருக்கு 28. நம்ம ஆளு முதல் ரவுண்டை 75-ல் முடிச்சார். மெயின் லைன் இன்னும் முழுசா வரவே இல்லை. வந்தாலும் அந்த வேகத்துக்கு அது தாங்காது. மிச்சத்தை யார் கொடுத்தது? யு.பி.எஸ்.ஸும் ஜெனரேட்டரும். முதல் ரவுண்டில் அவர் சம்பாதிச்சது 37 விநாடி. அதை அடுத்த ரெண்டே முக்கால் ரவுண்டில் வட்டியோட திருப்பிக் கட்டினார்.

கபடியில் இது வேலை செஞ்சதுக்குக் காரணமும் இதிலேயே இருக்கு. ஒரு ரெய்டு அதிகபட்சம் 30 விநாடி. போய்த் தொட்டுட்டு வந்து நின்னா மூச்சு வாங்க நேரம் இருக்கு. அந்த அரை நிமிஷத்தில் யு.பி.எஸ். பாதி சார்ஜ் ஏறிடும். நாலஞ்சு நிமிஷம் கிடைச்சா கிட்டத்தட்ட முழுசும். அண்ணனோட உடம்பு பல வருஷமா ரெய்டுக்குப் பழகின உடம்பு. ஏழு நிமிஷம் நிக்காம எரியுற அடுப்பு அதில் சின்னது, அவ்வளவுதான்.

குளுக்கோஸ் பொடி? பாவம், அது மேல தப்பும் இல்லை, உபயோகமும் இல்லை. ஏழு நிமிஷம் ஓடத் தேவையான சர்க்கரை தசையில் ஏற்கெனவே இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடவே அது போதும். மாரத்தான்காரங்களுக்குத்தான் 30 கிலோமீட்டர் வாக்கில் சரக்கு தீர்ந்து சுவத்தில் மோதின மாதிரி ஆகும். அண்ணனுக்குத் தீர்ந்தது எரிபொருள் இல்லை. எரிக்கிற வேகத்துக்குக் காத்து வரலை.

அடுத்த நாள் காலையில் அண்ணன் மாடிப்படி இறங்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "லாக்டிக் ஆசிட் தங்கிடுச்சுப்பா"ன்னு தெருவே தீர்ப்பு சொல்லுச்சு. உங்க பி.டி. வாத்தியாரும் இதைச் சொல்லியிருப்பார், பந்தயம் கட்டுறேன். ஜெனரேட்டர் ஓடும்போது லாக்டேட் உண்டாகுறது நிஜம். ஆனா, ஓட்டம் நின்ன ஒரு மணி நேரத்துக்குள்ள பெரும்பாலும் ரத்தத்துல இருந்து போயிடும். அதுவும் குப்பையா இல்லை... இதயமும் மத்த தசைகளும் அதை எடுத்து எரிபொருளாவே எரிச்சிடுது. கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் ப்ரூக்ஸ் 1980-கள்லயே இதைச் சொல்லிட்டார். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையில் தசை நார்களில் விழுற நுண்ணிய கிழிசலும் வீக்கமும். ஓடும்போது எரியுறதுக்கும் லாக்டேட்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஹைட்ரஜன் அயனி, பாஸ்பேட்னு ஒரு கூட்டமே இருக்கு.

ஓடி முடிச்ச பிறகும் ரொம்ப நேரம் மூச்சு வாங்குதே, அதுக்கு 'ஆக்ஸிஜன் கடன்'னு 1920-களில் பேர் வெச்சவர் ஆர்ச்சிபால்ட் ஹில். தசை வெப்பத்தை அளந்ததுக்காக 1922-ம் வருஷத்துக்கான நோபலை வாங்கின மனுஷன், முதுகில் பையைக் கட்டிக்கிட்டுத் தானே ஓடி, தன் மூச்சைத் தானே பிடிச்சு அளந்திருக்கார். அந்தக் கணக்கு அவர் சொன்ன அளவுக்கு எளிமையானது இல்லைன்னு பின்னால தெரிஞ்சுபோச்சு. ஆனா, 'கடன்'ங்கிற வார்த்தை எங்க வீட்டுக்கு உடனே புரிஞ்சது.

இதையெல்லாம் ஒரு ஏ4 தாளில் எழுதி அண்ணன்கிட்ட நீட்டினேன். "மெதுவா ஓடினா வேகமா வரலாம்னு சொல்றியா? இதுக்குத்தான் பெரியப்பா உனக்கு இன்ஜினீயரிங் ஃபீஸ் கட்டினேன்னு பீத்திக்கிறாரா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் ஓடினார். வாரத்தில் நாலு நாள், பக்கத்துல ஓடி வர்றவன்கிட்ட முழு வாக்கியம் பேச முடியுற வேகத்தில், அரை மணி நேரம். அப்படி ஓடினாத்தான் மைட்டோகாண்ட்ரியா பெருகும், தசைக்குள்ள ரத்தக் குழாய் கிளை விடும், இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும். மாசக்கணக்கு வேலை. ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 1:45-ல் ஓடி, ரெண்டு நிமிஷம் நடந்து, மறுபடி ஓட்டம்னு நாலஞ்சு தடவை. அப்புறம் ஓட்டத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் வார்ம் அப். அது வெறும் கை காலை உதறுறது இல்லை பாஸ், லேட்டா வர்ற மெயின் லைனை முன்கூட்டியே வரச் சொல்றது.

முதல் மாசம் அண்ணனுக்கு நரகம். ஓட்டம் கஷ்டமா இல்லை, மெதுவா ஓடுறதுதான் கஷ்டம். கபடி டீம் பசங்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துக்கிட்டு, "என்னண்ணே, கோயிலைச் சுத்துறீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. பால்காரர் சைக்கிள் முந்திப் போகும்போது வேணும்னே மணி அடிப்பாராம். ரெண்டு தடவை கோபத்தில் வேகம் எடுத்துட்டு, அன்னிக்கு நைட்டு எனக்கு போன் பண்ணி ஒப்புக்கிட்டார்.

செமஸ்டர் லீவில் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்கூல் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதே செல்போன், அதே ஸ்டாப்வாட்ச். பெரியப்பாவும் வந்து நின்னார், குளுக்கோஸ் பாக்கெட் இல்லாம. கூட ஓடுறதுக்கு வந்த நாலு பசங்க சிட்டாப் பறந்தாங்க. அண்ணன் கடைசி. 1:50. "முந்துடா!"ன்னு பெரியப்பா கத்தினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரெண்டாவதும் 1:50. மூணாவதில் அந்த நாலு பேரில் மூணு பேரைத் தாண்டி 1:47. கடைசி 300-ல் ஜெனரேட்டரைப் போட்டார் பாருங்க... 74 விநாடி!

6 நிமிஷம் 41 விநாடி. அடுத்த தேர்வு அறிவிப்பு இன்னும் வரலை. குனிஞ்சு முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிட்டிருந்த அண்ணன், பேச்சு வந்ததும் முதல்ல கேட்டது, "அந்த நாலாவது பையன் என்ன டைம்டா?"