கைப்பணிப் பக்கம்: மேசையில் ஒரு நிலாத் தரை



இம்மாதம் நாம் செய்யப்போவது நிலாவின் தரை. 2 அடிச் சதுரப் பலகை ஒன்றின்மேல் குழிகளும் மேடுகளுமாக, பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்கக்கூடிய ஒரு நிலாத் துண்டு. இதைச் செய்யும் முறையை நன்கு வளர்த்தெடுத்தவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேசைப் போர் விளையாட்டு ஆடுபவர்கள். போர் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதைப்பற்றி முதலில் பேசிவிட்டே வேலையைத் தொடங்குவோம்.

இந்த விளையாட்டுக்குப் பெரும்பாலும் 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள மேசையைப் பயன்படுத்துவார்கள். அதில் 28 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய பொம்மை வீரர்கள் நிற்பார்கள். அளவு நாடாவால் தூரம் பார்த்து அவர்களை நகர்த்துவார்கள். தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பார்கள். மேசை வெறுமையாக இருந்தால் பொம்மைகளுக்கு ஒளிய இடமில்லை. ஆட்டமும் உடனே முடிந்துவிடும். ஆகவே மலை, மதில், குழி எல்லாம் செய்து வைப்பார்கள். 1987இல் இங்கிலாந்தில் வெளிவந்த வோர்ஹமர் 40,000 போன்ற விண்வெளி ஆட்டங்களுக்கு நிலாவைப் போன்ற தரையும் செய்கிறார்கள்.

இதன் தொடக்கம் விளையாட்டு அல்ல. 1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இத்தகைய ஆட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. பின்னர் 1913இல், நிலாவுக்குச் செல்லும் மனிதரைப் பற்றி நாவல் எழுதிய அதே எச்.ஜி. வெல்ஸ், பொம்மைப் போருக்கு விதிகள் எழுதி நூலாக்கினார். பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவருக்கு உண்மைப் போர் எவ்வளவு மூடத்தனமானது என்று விளங்கிவிடும் என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது.

போர் எப்படிப்பட்டது என்று அறிய நமக்கு மேசை தேவையில்லை. ஆகவே இம்மாதம் தரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொம்மை வீரர்கள் வேண்டாம். அவர்களுக்குப் பதிலாக அதில் எதை வைக்கலாம் என்று பின்னர் சொல்கிறேன்.

குழி எப்படி உண்டாகிறது?

நிலாவின் படத்தைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு ஷெல் விழுந்த கிடங்கு நினைவுக்கு வரும். அந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. விண்கல் ஒன்று நிலாவில் செக்கனுக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் மோதுகிறது. அந்த வேகத்தில் கல் மண்ணில் புதைவதில்லை, வெடிக்கிறது. அதனால்தான் கல் சரிவாக வந்தாலும் குழி பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும். அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் யூஜின் ஷூமேக்கர், நெவாடாவில் அணுகுண்டுப் பரிசோதனை உண்டாக்கிய குழியை அரிசோனாவிலுள்ள விண்கற் குழியுடன் ஒப்பிட்டே இதை விளக்கினார். 1967இல் சந்திரனுக்குச் செல்லவிருந்தவர்களின் பயிற்சிக்காக, அரிசோனாவின் பிளாக்ஸ்ராவ் நகருக்கு அருகே எரிமலைச் சாம்பல் வெளியில் வெடிவைத்து 47 குழிகளை உண்டாக்கினார்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சிறிய பரிசோதனை செய்து பாருங்கள். பழைய பேசின் ஒன்றில் 3 அங்குல உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்புங்கள். அதன்மேல் அடுப்புச் சாம்பலை மெல்லிதாகத் தூவுங்கள். தோள் உயரத்திலிருந்து ஒரு மாபிளைப் போடுங்கள். குழி, அதைச் சுற்றி உயர்ந்த வரம்பு, வெளியே நாலாபக்கமும் சிதறிய மணல் ஆகிய மூன்றும் தெரியும். நாம் செய்யும் ஒவ்வொரு குழிக்கும் இந்த மூன்றும் இருக்கவேண்டும்.

தேவையான பொருட்கள்

2 அடிச் சதுர ஹாட்போட் அல்லது பிளைவூட், தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றுடன் வரும் ரெஜிபோம், பைண்டர் கம், பழைய பத்திரிகைத் தாள், சுவர் பூசும் பில்லர் மா, சலித்த மணல், கறுப்பு, வெள்ளை, மண்ணிற எமல்சன் பெயின்ற், ஒரு பழைய தூரிகை.

மணலைக் கடையில் வாங்குங்கள் அல்லது உங்கள் வளவிலேயே எடுங்கள். கைவிடப்பட்ட காணி, பழைய பதுங்குகுழி, எச்சரிக்கைப் பலகை நட்ட இடம் ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை மண் அள்ள அனுப்பவே வேண்டாம். கடல் மணலானால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

செய்யும் முறை

1. பலகையில் வட்டங்களை வரையுங்கள். 15 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒன்று, 6 முதல் 8 சென்ரிமீற்றரில் மூன்று நான்கு, மற்றவை சிறியவை. கோலப் புள்ளிபோல ஒரே இடைவெளியில் வரையவேண்டாம். சில குழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கட்டும்.

2. ரெஜிபோமை 1 அங்குலத் தடிப்பில் ஒட்டி, கத்தியால் குடைந்தெடுங்கள். வரம்பிலிருந்து பார்த்தால் ஆழம் அகலத்தில் ஐந்தில் ஒன்று இருந்தால் போதும். உட்பக்கம் சற்றுச் செங்குத்தாகவும், வெளிப்பக்கம் மெதுவாகச் சரிவாகவும் இருக்கட்டும். ரெஜிபோமை நெருப்பில் சுட்டு உருக்கவேண்டாம். அந்தப் புகை கெடுதியானது. சீவிய துகள்களையும் எரிக்காமல் ஒரு பையில் சேருங்கள்.

3. பெரிய குழிக்கு நடுவில் மலை வைக்கச் சிலர் விரும்புவார்கள். நிலாவில் நடுமலை இருப்பது 15, 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழிகளில்தான். 85 கிலோமீற்றர் அகலமுள்ள டைக்கோ குழியில் அது உண்டு. 28 மில்லிமீற்றர் பொம்மையின் கணக்கில் நமது 15 சென்ரிமீற்றர்க் குழி உண்மையில் ஏறத்தாழ 9 மீற்றர்தான். ஆகவே நடுமலை வேண்டாம்.

4. பத்திரிகைத் தாளைக் கிழித்துப் பசையில் தோய்த்து எல்லாவற்றையும் மூடுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பில்லர் மாவைக் குழைத்துப் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே கரண்டியின் முதுகு, மாபிள், பயறு ஆகியவற்றால் சிறிய குழிகளை அழுத்துங்கள். பெரியது முதலில், சிறியது கடைசியில். பழைய பெருங்குழிகளின்மேல் சிறியவை விழுந்தபடிதான் நிலாவும் இருக்கிறது.

5. பசையில் அதேயளவு தண்ணீர் கலந்து பூசி, தேநீர் வடியால் மணலைத் தூவுங்கள். மறுநாள் ஒட்டாத மணலைத் தட்டிவிடுங்கள்.

6. நிலா வெள்ளை என்றே நாம் நினைத்திருக்கிறோம். அதன் மண் உண்மையில் பழைய தார் வீதியின் நிறம். கறுப்பில் சிறிது வெள்ளையும் ஒரு துளி மண்ணிறமும் கலந்து முழுவதும் பூசுங்கள். காய்ந்தபின், வெளிர் சாம்பல் நிறத்தில் தூரிகையைத் தோய்த்து, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் மெதுவாக உரசுங்கள். ஸ்பிரே பெயின்றும் தின்னரும் ரெஜிபோமைக் கரைத்துவிடும், அவற்றைத் தொடவேண்டாம்.

கடைசியில் அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். குழிகளில் நிழல் விழும். 1969இல் அப்பலோ 11 இறங்கியபோதும் சூரியன் அப்படித் தாழ்வாகவே இருந்தது. நிழலைக் கொண்டு மேடுபள்ளத்தை அறியலாம் என்பதற்காகவே அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தார்கள்.

இதில் என்ன விளையாடலாம்?

2023 ஆகஸ்ட் 23இல் இந்தியாவின் சந்திரயான் 3 நிலாவில் இறங்கியது. அதன் ஆறு சக்கர ஊர்தியான பிரக்யான், ஆகஸ்ட் 27இல் தனக்கு 3 மீற்றர் முன்னால் 4 மீற்றர் அகலக் குழி ஒன்றைக் கண்டது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, வந்த வழியே திருப்பி வேறு பாதையில் விட்டார்கள். நம் பிள்ளைகளும் இதை ஆடலாம். ஒரு தீப்பெட்டியை ஊர்தியாக வையுங்கள். ஒரு பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு அதை நகர்த்தட்டும். மற்றப் பிள்ளை தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனை அங்குலம் எப்பக்கம் போகவேண்டும் என்று சொல்லட்டும். குழியில் விழாமல் மறுகரை சேர்ந்தால் இருவருக்கும் வெற்றி.

பிள்ளைகளில் ஒருவர், “அம்மா, ஷெல் விழுந்த கிடங்கும் இப்படியா இருந்தது?” என்று கேட்கக்கூடும். ஆம் என்று சொல்லுங்கள். மேலும் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. இன்று முடியாவிட்டால் இன்னொரு நாள் சொல்லலாம். குழிகளைச் செய்வதே உங்களுக்கு நெஞ்சை அடைத்தால், வேலையை மூடி வைத்துவிடுங்கள். அதனால் எதுவும் குறைந்துவிடாது.

ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நிலாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. 1969இல் மனிதர் பதித்த காலடிகூட அழியாமல் கிடக்கும். நம்முடைய மண்ணில் மாரி மழை பெய்கிறது, வரம்பு கரைகிறது, கிடங்கு தூர்ந்து புல் முளைக்கிறது. அடுத்த பலகையை அப்படி ஒரு தரையாகவே செய்யலாம். இதே முறைதான், மணலுக்குமேல் பச்சைச் சாயமிட்ட மரத்தூளைத் தூவினால் புல்லாகிவிடும்.