நன்றாக இருக்கும்போதே ஒரு நடை போய் வாருங்கள்



நம் வீடுகளில் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் உடனே டாக்டர். வீட்டுக்காரருக்கு நெஞ்சு கரித்தால் உடனே டாக்டர். மாமியாருக்கு மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரை. நமக்கு? "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!" அவ்வளவுதான். எழுந்து நடமாடுகிற வரைக்கும் நாம் ஆரோக்கியசாலி என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கு எல்லா வியாதிக்கும் சரிப்பட்டு வராது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. பேரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. புற்றுநோயாக மாறுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்து, வராமலே தடுத்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய மிகச் சில புற்றுநோய்களில் இது ஒன்று. அதனால்தான் இந்த முறை இதை எடுத்துக்கொண்டேன்.

எப்படி வருகிறது?

கவிழ்த்து வைத்த சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. கீழே குறுகலாக இருக்கிற கழுத்துதான் கர்ப்பப்பை வாய். ஹெச்.பி.வி. என்கிற ஒரு வைரஸ் கிருமி அங்கே போய்த் தங்குவதால்தான் இந்த நோய் உண்டாகிறது. இதைக் கண்டு சொன்ன ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கிருமி தாம்பத்திய உறவின் மூலம் தொற்றுகிறது. இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். "தப்பு பண்ணினவங்களுக்கு வர்ற வியாதி" என்று பேசுவது பெரிய பாவம். குடும்பம் நடத்துகிற பெண்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு சமயத்தில் தொற்றி, தெரியாமலே போய்விடுகிற சாதாரணக் கிருமி இது. ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, அந்த இடத்துச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. அது முற்றிப் புற்றுநோயாவதற்குப் பொதுவாகப் பத்திலிருந்து இருபது வருஷம் ஆகிறது.

பத்து வருஷம்! நம் பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பு பரீட்சை எழுதுகிற காலம். அத்தனை காலமும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சமையல் கட்டில் ஒரு வேலையும் நிற்காது. பார்த்தால்தான் தெரியும். பார்த்துவிட்டால் சரி செய்வதும் சுலபம்.

கொஞ்சம் வினிகர் போதும்

எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஊறுகாயில் விடுகிற வினிகரில் இருக்கிறதே, அந்த அசெட்டிக் அமிலம்தான். அதைத் தண்ணீரோடு மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரும்படி கலந்து, பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். மாற்றம் உள்ள இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்திலேயே "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். படுத்து எழுந்திருக்கச் சில நிமிஷம்தான் ஆகிறது. ஊசி இல்லை, தையல் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம்.

இது உண்மையில் உயிரைக் காப்பாற்றுமா என்று நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிலிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக சுகாதார மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து 2000-ல் ஆரம்பித்தார்கள். 30 வயதிலிருந்து 59 வயது வரை உள்ள 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பார்த்ததெல்லாம் நர்ஸுகள்தான். 2007-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. நோய் வந்ததே 25 சதவீதம் குறைவு.

இதில் என் மனசில் தைத்த விஷயம் வேறு. அழைத்த 49 ஆயிரம் பேரில் வந்தவர்கள் 31 ஆயிரம் சொச்சம்தான். மூன்றில் ஒருவருக்கு மேல் வரவே இல்லை! மாற்றம் இருக்கிறது, சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகும், கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டும் போகாத அந்தப் பெண்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். வெட்கம், பயம், "இன்னைக்கு வேலை கிடக்கு".

நம் பக்கத்துக் கஷ்டம்

எங்கள் ஆமத்தூர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் போகாத பெண்கள் உள்ள தெருவே இல்லை. விடிந்ததும் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார்கள். செய்த வேலைக்குத்தான் கூலி. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அன்றைய சம்பளம் போச்சு. இதை வெறும் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு மதினி. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்துத் திரும்பவும் பட்டிருக்கிறது. "சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றே எட்டு மாசத்தை ஓட்டிவிட்டார். வேலைக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. இப்போது கரண்டு வைத்தியத்துக்காக மதுரைக்கும் ஊருக்குமாக அலைகிறார். கூட மகளும் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறாள். மிச்சம் பிடித்த நாட்கள் எல்லாம் எங்கே போயின என்று பாருங்கள்.

அதனால் வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு யோசனை. தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ் கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். மழையிலும் வேலை நிற்கும். அந்த நாட்களில் ஒன்றை இதற்கென்று எடுத்து வையுங்கள். தெருவில் நாலு பேராகச் சேர்ந்து போனால் கூச்சமும் பாதியாகும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

போகிற போக்கில் பிரஷரும் சர்க்கரையும் மார்பும் பார்த்துக்கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டு அரசு இந்த மாதிரி நோய்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது, பிரஷர் பார்ப்பதை முதலில் ஆரம்பித்த இரண்டு மாவட்டங்களில் நம் விருதுநகரும் ஒன்று. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் தொடங்கினார்கள். பிறகுதான் மாநிலம் முழுவதும் வந்தது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் இந்தப் பரிசோதனைக்கு மட்டும் நாம்தான் நடக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் கேட்கிற கேள்விகள்

"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிருச்சே, அப்புறமும் பாக்கணுமா?"
பார்க்க வேண்டும். அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கிறது. கர்ப்பப்பையையே எடுத்தவர்கள், வாயையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"வெள்ளையாத் தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தமா?"
இல்லை. திண்டுக்கல்லில் பார்த்த பெண்களில் பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மறுபடி பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்ப மாற்றம் என்றால், குளிர் வாயுவால் அந்த இடத்தை உறைய வைத்தே சரி செய்துவிடலாம். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில வாரம் தண்ணீராகப் படும், பிறகு நின்றுவிடும்.

"ஆம்பளை டாக்டர் பாப்பாரோ?"
"நர்ஸம்மாதான் பார்க்கணும்" என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை. திரைக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள்.

"எந்த வயசுல போகணும்?"
முப்பது ஆனதும் போகலாம். மாதவிலக்கு நின்றவர்களும் போக வேண்டும். அவர்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். வேறு விதமான சோதனை தேவையா என்று டாக்டர் சொல்வார்.

போவதற்கு முன்

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். முந்தின இரண்டு நாள் தாம்பத்திய உறவு வேண்டாம், உள்ளே மருந்து எதுவும் வைக்க வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாதவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், உறவுக்குப் பின் இரத்தம் வந்தாலும், இரண்டு விலக்குக்கு நடுவில் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் "சூடு" என்று இருந்துவிடாதீர்கள். இவையெல்லாம் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் அந்த வாரமே காட்டிவிட வேண்டும். லீவு நாள் வரட்டும் என்று பார்க்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

நமக்குக் கிடைக்காத ஒரு வசதி நம் பெண்களுக்கு வந்திருக்கிறது. ஹெச்.பி.வி. தடுப்பூசி. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள், கல்யாண வயது வருவதற்கு வெகு முன்னாலேயே போட்டால்தான் முழுப் பலன். புனேயில் உள்ள சீரம் நிறுவனம் நம் நாட்டிலேயே இதைத் தயாரித்து, 2023-லிருந்து விற்பனைக்குக் கிடைக்கிறது. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போடப் போவதாகத் தமிழ்நாட்டு அரசும் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகளின் பள்ளிக்கூடத்திலும் ஊர் நர்ஸம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். எத்தனை ஊசி என்பதை வயதைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள். ஊசி போட்ட பெண்ணும் முப்பது வயசுக்கு மேல் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

சகோதரிகளே, வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். பால் கணக்கு, சீட்டுக் கட்டுகிற தேதி எல்லாம் குறித்து வைக்கிறோம். அதே காலண்டரில் இந்த ஒரு நாளையும் குறித்து விடுங்கள். பார்த்துவிட்டு வந்ததும் அடுத்த தடவை எந்த வருஷம் என்பதையும் ரேஷன் கார்டோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையிடமும் நாத்தனாரிடமும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த இதழில், சோகை உள்ள பெண்கள் கைக்கெட்டும் விலையில் சாப்பிடக்கூடிய கீரைகளையும் பயறு வகைகளையும் பார்க்கலாம்.